சின்ன நிலத்தில் மான் வேட்டை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தெற்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் காடும் பழைய வயலும் இருக்கிறது. அங்கே வெள்ளைவால் மான் வேட்டையாடுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து நிறையப் பேர் கேள்வி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் இங்கே புதிதாக நிலம் வாங்கிய நம் ஆட்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, கிராண்ட் ராபிட்ஸ் பக்கம் 15 ஏக்கர் வாங்கியிருக்கிறேன். மான்கள் அங்கேயே தங்குகிற மாதிரி செய்ய முடியுமா?

முழுக்க முடியாது தம்பி. ஒரு மான் சுற்றித் திரியும் பரப்பு பல இடங்களில் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் வரும். உங்கள் நிலம் அதில் ஒரு மூலைதான். அதனால் முதலில் வேலியைத் தாண்டிப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று. அந்தப் பக்கமெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான், சாப்பாட்டில் அந்த விவசாயிகளோடு நீங்கள் போட்டி போட வேண்டியதில்லை. பகலில் பயமில்லாமல் படுத்துக் கிடக்க ஓர் இடம், அதுதான் பல ஊர்களில் குறைவு. நவம்பர் 15 அன்று துப்பாக்கி சீசன் தொடங்கியதும் சுற்றிலும் வெடிச்சத்தமும் ஆள் நடமாட்டமுமாக இருக்கும், அப்போது மனிதர் காலடி படாத அடர்ந்த புதர் யார் நிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் மான் போய் ஒதுங்கும். உங்கள் 15 ஏக்கரில் நடுவே நாலைந்து ஏக்கரையாவது ஒதுக்கிவிட்டு, சீசன் முடியும்வரை அதற்குள் போகவே போகாதீர்கள். அடிபட்ட மானைத் தேடிப் போவதற்கு மட்டும் விதிவிலக்கு.

எங்கள் காட்டில் மரங்கள் எல்லாம் உயரமாக, கீழே ஒன்றுமே இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது. புதர் எப்படி வரும்?

வெயில் தரையில் விழ வேண்டும், அவ்வளவுதான். மதிப்பில்லாத மரங்களை வெட்டிவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் கீழே தானாகவே அடர்ந்து வளரும். செவ்வண்ண மேப்பிளை வெட்டினால் கட்டையிலிருந்து வரும் துளிர் மானுக்கு ரொம்பப் பிடிக்கும், அதையும் சேர்த்தே பாருங்கள். இன்னொரு முறை, மரத்தை முக்கால்வாசி அறுத்து அப்படியே சாய்த்துவிடுவது. பட்டை அறுபடாத பக்கம் உயிரோடு இருப்பதால் சாய்ந்த மரம் சில வருடம் இலை விட்டுக்கொண்டே இருக்கும், மறைவும் உணவும் மான் வாய்க்கு எட்டுகிற உயரத்திலேயே கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்தான் இதற்கு நல்ல நேரம்.

ஆனால் இது ஆபத்தான வேலை. பாதி அறுத்த மரம் நெடுக்குவாக்கில் பிளந்து முகத்தில் அடிக்கும், ஆள் செத்துப்போகிற அடி அது. செயின்சா பழகாதவர்கள் தெரிந்தவரைக் கூலிக்கு அழையுங்கள், தனியாகப் போகவே போகாதீர்கள். ஆஷ் (ash) மரங்களைச் சாய்க்க முயல வேண்டாம். 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு அவற்றை இங்கே பெரும்பாலும் கொன்றுவிட்டது, செத்த மரம் எந்தப் பக்கம் உடையும் என்று சொல்ல முடியாது. அப்புறம் ஓக் மரத்தைத் தொடாதீர்கள். மாறாக, நல்ல வெள்ளை ஓக் ஒன்று நெருக்கடியில் மாட்டிக்கொண்டு நின்றால் அதன் தலையை முட்டும் மற்ற மரங்களை எடுத்துவிடுங்கள், தலை விரிந்தால் காய் கூடும். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அது விழத் தொடங்கிவிட்டால் மான் நீங்கள் போட்ட பயிரைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கால் ஏக்கர் வெட்டவெளி இருக்கிறது. என்ன விதைக்கலாம்? கடையில் மான் படம் போட்ட விதைப் பைகள் விற்கிறார்களே?

படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். முதலில் மண் பரிசோதனை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக விரிவாக்க மையத்தில் குறைந்த செலவில் செய்யலாம். காட்டோர மண்ணில் பெரும்பாலும் அமிலம் கூடுதலாக இருக்கும், குளோவர் என்கிற தீவனச் செடிக்கு மண்ணின் அமில-கார அளவு (pH) 6க்கும் 7க்கும் இடையில் வேண்டும், அதற்குச் சுண்ணாம்பு போட்டால் வேலை செய்யப் பல மாதம் ஆகும், அதனால் இப்போதே போடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் ரை தானியத்தை மழைக்கு முன் தூவுங்கள், மோசமான மண்ணிலும் முளைக்கும், பனிக்காலத்திலும் பச்சையாக நிற்கும். அடுத்த மார்ச்சில், இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில், அதன் மேலேயே வெள்ளைக் குளோவரைத் தூவினால் மண் வெடிப்பில் விதை தானே இறங்கிவிடும். கால் ஏக்கரில் சோயா மட்டும் வேண்டாம், தளிர் விடும்போதே தரைமட்டமாக மேய்ந்துவிடும்.

அவ்வளவு பாடு எதற்கு? மக்காச்சோளத்தைக் குவியலாகக் கொட்டி, ஓர் உப்புக் கட்டி வைத்தால் போதாதா?

மிச்சிகன் கீழ்த் தீபகற்பத்தில், அதாவது நம் நிலங்கள் இருக்கும் தெற்குப் பாதியில், மானுக்கு இரை கொட்டுவதை 2019இல் தடை செய்தார்கள். பயிராக நிற்பது சரி, கொட்டி வைப்பது தவறு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, மாறவும் செய்யும், ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் அந்த வருட விதிப் புத்தகத்தைப் பாருங்கள். தடைக்குக் காரணம் மான்களைத் தேய்ந்து சாக வைக்கும் சிடபிள்யூடி என்கிற மூளை நோய். எச்சிலிலும் சாணத்திலும் பரவும், மண்ணில் வருடக்கணக்கில் தங்கும், மருந்து கிடையாது. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அனுமதி இருக்கிற மாநிலத்தில்கூட நான் உப்புக் கட்டி வைக்கமாட்டேன்.

எல்லாம் செய்தும், காட்டில் கட்டி வைத்த கேமராவில் இரவில்தான் மான் வருகிறது, பகலில் இல்லை. ஏன்?

நீங்கள் போய் வரும் வழிதான் காரணமாக இருக்கும். எங்கே உட்காருவது என்று யோசிக்கிற அளவுக்கு, அங்கே எப்படிப் போவது, எப்படித் திரும்புவது என்று யாரும் யோசிப்பதில்லை. இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், அதனால் நீங்கள் உட்காரும் இருக்கையை மான் படுக்குமிடத்துக்குக் கிழக்கே வையுங்கள், எல்லையை ஒட்டி நடந்து போங்கள். சாயங்காலம் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு இறங்கும், உங்கள் வாடையையும் கூடவே கொண்டுபோகும். காற்று சரியில்லாத நாளில் வீட்டிலேயே இருங்கள். கேமரா கார்டை வாராவாரம் எடுக்கப் போவதும் அதே கெடுதல்தான்.

நான் ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

கூட்டரசுச் சட்டப்படி குடியேற்றம் சாராத விசாக்காரர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியான மறுநாள் அந்த விலக்கும் இல்லை, ஒரு தேதி தவறினால் விசாவே போகலாம். ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். என்னைக் கேட்டால் வில்லில் தொடங்குங்கள், சின்ன நிலத்துக்கு அதுதான் பொருத்தமும்கூட.

சத்தியமங்கலம் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் புள்ளிமான் வருகிறது. இதெல்லாம் அங்கே செய்யலாமா?

கூடவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் விளக்கத்திலேயே இரை வைத்து இழுப்பதும் அடங்கும். பயிர்ச் சேதம் என்றால் வனத்துறையிடம் இழப்பீடு கேளுங்கள்.

தம்பி, வீட்டுக்காரர் மான் இறைச்சி கொண்டு வந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது.

கொடுக்கலாம் அக்கா, பரிசோதனைக்குப் பிறகு. சிடபிள்யூடி நோய் மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோய் இருக்கும் மாவட்டம் என்றால் தலையை மாநிலத்தின் சோதனை மையத்தில் கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியை ஃப்ரீசரில் தனியாக வையுங்கள். நோய் உண்டு என்று வந்தால் மொத்தத்தையும் தூக்கி எறிய வேண்டியதுதான். மூளை, முதுகுத்தண்டு எப்போதுமே வேண்டாம். ஈயக் குண்டு சிதறித் துணுக்குகள் தள்ளித் தள்ளிப் போய்ப் பதியும், சாப்பிடுவது சின்னப் பிள்ளைகள் என்பதால் அவரைச் செம்புக் குண்டுக்கு மாறச் சொல்லுங்கள். காட்டிலிருந்து வந்ததும் உடுப்பை நேராக உலர்த்தும் மிஷினில் நல்ல சூட்டில் போட்டு, அவர் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், லைம் காய்ச்சல் இங்கே நிறைய.