ஐம்பது வருடக் கடை, இரண்டு மாதக் கெடு: வாடகைதாரர் என்ன செய்யலாம்?

கேள்வி: மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய தெருவில் என் அப்பா 1974-இல் காப்பித்தூள் கடை ஆரம்பித்தார். இப்போது நான் நடத்துகிறேன். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பழைய வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் அவர் பிள்ளைகள் கட்டடத்தை பில்டரிடம் ஒப்படைத்திருக்கிறார்களாம். இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார்கள். போன மாத வாடகையை வாங்க மறுத்துவிட்டார்கள். ‘புதுக் கட்டடத்தில் உங்களுக்கு ஒரு கடை உண்டு’ என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள். ஐம்பது வருடம் இருந்ததற்கு எங்களுக்கு உரிமை ஏதும் இல்லையா?

பதில்: கசப்பான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு இருப்பவருக்கு எத்தனை வருடம் ஆனாலும் அனுபவ பாத்தியதை, அதாவது நீண்ட காலம் அனுபவித்ததாலேயே வரும் சொத்துரிமை, வராது. காலி செய்வதற்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்றும் வாடகைச் சட்டத்தில் இல்லை. ‘கோர்ட்டுக்குப் போனால் இருபது வருடம் இழுக்கலாம்’ என்று கடைத்தெருவில் யாராவது சொல்வார்கள். அது 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்துப் பேச்சு. அந்தச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் கட்டாயம். ஒப்பந்தம் போடவில்லை என்பதே காலி செய்யக் கோர ஒரு காரணம். கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறோம் என்பது இன்னொரு காரணம். உங்கள் விஷயத்தில் இரண்டுமே இருக்கின்றன.

ஆனால் அவர்கள் சொன்னதும் நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. நீங்கள் சம்மதிக்காதவரை, வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்கித்தான் உங்களை வெளியேற்ற முடியும். அதுவரை பூட்டு போடுவதோ, ஆள் வைத்து மிரட்டுவதோ செல்லாது. கரண்ட், தண்ணீரைத் துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் உடனே புகார் கொடுங்கள், அதற்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது.

வாடகை வாங்க மறுத்தார்களே, அதுதான் இப்போதைக்கு மிக ஆபத்தான விஷயம். நாலு மாதம் கழித்து ‘பாக்கி வைத்தார்’ என்று அதையே காரணமாகக் காட்டலாம். அதனால் இந்த மாதமே மணியார்டரிலோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து அனுப்பியும் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். அப்பா காலத்து வாடகைச் சீட்டு, மின் கட்டண அட்டை, அட்வான்ஸ் கொடுத்ததற்கான துண்டுக் காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம், பில்டருடன் ஒப்பந்தம் ஆகிவிட்டது என்பது உண்மைதானா? பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கூட்டுக் கட்டுமான ஒப்பந்தமோ பொது அதிகாரப் பத்திரமோ பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பதிவாகவில்லை என்றால் இன்னும் பேச்சளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் உங்களுக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். அந்தப் பகுதியில் கோயில் மனைகள் நிறைய என்பதால் மனை யாருடையது என்பதையும் பார்த்துவிடுங்கள். கோயில் மனை என்றால் விஷயமே வேறு: அறநிலையத்துறைச் சட்டம் வந்துவிடும், சந்தை மதிப்பை ஒட்டி மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாடகையை மாற்றியமைப்பார்கள், அங்கே உங்கள் வீட்டுக்காரரே ஒரு குத்தகைதாரர்தான். வெறும் மனையை மட்டும் வாடகைக்கு எடுத்து, கடையை அப்பாவே கட்டியிருந்தால் 1921-ஆம் ஆண்டின் நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா என்று வக்கீலிடம் கேளுங்கள். கோயில் மனைக்கு அது பொருந்தாது. மற்றபடி அதில் கெடு மிகக் குறுகியது, சம்மன் வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும்.

இனி அந்த ‘புதுக் கட்டடத்தில் கடை’ வாக்குறுதி. இதை நம்பி வெளியே வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவே இல்லை. இடித்துக் கட்டிய பிறகு பழைய வாடகைதாரர் திரும்பி வருவது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதி, புது ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் கொடுத்தால் மட்டுமே நடக்கும். வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. அதற்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பில்டரிடம் பிளானைக் காட்டச் சொல்லுங்கள். தரைத்தளத்தில் என்ன வரைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சென்னையில் எழும்பும் புது அடுக்ககங்களில் பெரும்பாலும் கீழே தூண்கள் நடுவே கார் நிறுத்தம்தான் இருக்கும். பிளானில் கடையே இல்லாதபோது உங்களுக்கு எங்கிருந்து கடை வரும்? 2019 கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5-இலிருந்து 2 ஆக உயர்ந்தது. திருமயிலையில் மெட்ரோ நிலையமும் வருகிறது. அந்த மனையில் ஒவ்வொரு சதுர அடிக்கும் இன்று பெரிய விலை, முகப்பில் கடை விடுவதா, கார் நிறுத்துவதா, ஷோரூம் போடுவதா என்று அவர்கள் கணக்குப் போட்டுத்தான் பேசுவார்கள்.

பிளானில் கடை இருந்தால் கடை எண், சதுர அடி, தெருப் பக்க அகலம், வாடகை, சாவி தரும் தேதி, தாமதமானால் மாதா மாதம் என்ன தருவார்கள் என்பதெல்லாம் பதிவுப் பத்திரத்தில் வர வேண்டும். வீட்டுக்காரர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. பங்கு பிரியும்போது அந்தக் கடை பில்டர் பக்கம் போய்விடலாம். இருவரும் போட வேண்டும். மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ, எட்டு வீட்டுக்கு மேலோ என்றால் திட்டம் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவாகியிருக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

சரி, அவர்களிடம் என்ன கேட்பது? என் யோசனை, இடத்துக்காகச் சண்டை போடாமல் காலத்தைக் கேளுங்கள். பில்டருக்குக் காலி மனை ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் வேண்டும். ஒவ்வொரு மாதத் தாமதமும் அவருக்கு வட்டி. உங்கள் பலம் அதுதான். குறைந்தது ஒரு வருடம் கேளுங்கள், மார்கழி சீசனும் பங்குனி அறுபத்துமூவரும் முடிந்த பிறகு ஒரு தேதியைக் குறியுங்கள். இடம் மாறும் செலவு, புதுக் கடைக்கான அட்வான்ஸ், ரோஸ்டரையும் அரவை மெஷினையும் கழற்றி மாட்டும் கூலி, மூன்று ஃபேஸ் இணைப்பு என்று பட்டியல் போட்டு ஒரு தொகை கேளுங்கள். பழைய அட்வான்ஸை டிமாண்ட் டிராஃப்டாக வாங்கிக்கொண்டு, அதே நேரத்தில் சாவியைக் கொடுங்கள். ஒப்புக்கொண்ட தேதியைத் தாண்டினால் மட்டும் பிடிவாதம் வேண்டாம், அதற்குப் பிறகு இருக்கும் காலத்துக்கு இரட்டை வாடகை கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

இன்னொரு நிபந்தனையை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். கட்டுமானத் தடுப்புத் தகரத்தில் ஒரு வருடத்துக்கு உங்கள் புது முகவரி, போன் நம்பருடன் ஒரு போர்டு. அவர்களுக்குச் செலவே இல்லை. பீபரியும் பிளான்டேஷனும் பாதிப் பாதி, சிக்கரி நூறுக்கு இருபது என்று முப்பது வருடமாக ஒரே கலவை வாங்கும் மாமி, அங்கே தகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் அடுத்த வாரம் சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டுக்கு மாறிவிடுவார். அந்தக் கலவை விகிதங்கள் உங்கள் தலையில்தான் இருக்கின்றன என்றால், பெயர், நம்பரோடு இன்றே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்.

புது இடத்தை நடந்து வரும் தூரத்திலேயே தேடுங்கள். வறுப்பதையும் அரைப்பதையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள வாடகை கட்டுப்படியாகாது என்றால், ரோஸ்டரைக் கொஞ்சம் தள்ளிக் குறைந்த வாடகை இடத்தில் வைத்து, அரவை மெஷினோடு ஒரு சின்ன கவுண்டரை மட்டும் உள் தெருவில் போடுங்கள். அரைக்கும் வாசனை தெருவில் வர வேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் பாக்கெட் விற்காதீர்கள்.

உரிமங்களில் மாநகராட்சித் தொழில் உரிமமும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் இடத்துக்குக் கட்டுப்பட்டவை, புது முகவரிக்கு வாங்க வேண்டும். ஜிஎஸ்டியில் முகவரி மாற்றத்தைப் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

பெயரை மட்டும் இப்போதே பதிவு செய்யுங்கள். கடைப் பெயர் உங்களுடையது, கட்டடத்தோடு போகாது. கச்சேரி சாலையில் 1885 முதல் நாட்டு மருந்து விற்கும் கடைக்கு ஜனங்கள் வைத்த பெயர்தான் டப்பா செட்டி கடை. உங்கள் கடைக்கும் போர்டில் ஒரு பெயரும் ஊர் வாயில் ஒரு பெயரும் இருந்தால் இரண்டையுமே வர்த்தக முத்திரையாக விண்ணப்பியுங்கள். காப்பித்தூள் 30-ஆவது வகுப்பில் வரும். தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் முத்திரை ஒன்றுக்கு, வகுப்பு ஒன்றுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். 1974 முதல் அந்தப் பெயரில் விற்கிறீர்கள் என்பதற்குப் பழைய பில், பை, விளம்பரம் எது கிடைத்தாலும் இணையுங்கள்.