தூண்டில் கேள்வி பதில்: மூச்செடுக்க வரும் மீன்

கேள்வி: ஐயா, புளோரிடாவில் ஆளுயர டார்பன் மீனை ஃப்ளை (இறகும் நூலும் கட்டிச் செய்த போலி இரை) தூண்டிலில் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நித்திரை கெட்டுப்போனது. நம்மட மட்டக்களப்புக் களப்பிலும் அந்த மீன் இருக்கிறது என்கிறான் சிநேகிதன். உண்மையா? பெரிய மீனுக்கான 12 நம்பர் தடி ஒன்று வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவா?
- கல்லடி வாசகர்

பதில்: காசைக் கரியாக்காதீர்கள் தம்பி. மீன் இருக்கிறது, ஆனால் இனம் வேறு. வீடியோவில் வருவது அத்திலாந்திக் டார்பன். 2003இல் மேற்கு ஆபிரிக்காவின் கினி-பிசாவில் பிடிபட்ட சாதனை மீன் 286 இறாத்தலுக்கு மேல். நம்மிடம் உள்ளது இந்து-பசிபிக் டார்பன், அதற்குத் தம்பி முறை. தமிழ்நாட்டில் மொரான் கெண்டை என்பார்கள். களப்புக்குள் முழங்கை நீளத்துக்கு ஒன்று கிடைத்தாலே அன்றைக்கு நல்ல நாள். பெரிய செதில், மேல்நோக்கிய வாய், முதுகுச் செட்டையின் கடைசி முள் நூல் மாதிரி நீண்டு கிடக்கும். மூன்றும் சேர்ந்திருந்தால் அதுதான். இதற்கு 6 முதல் 8 நம்பர் வரை தடி தாராளம்.

சரி, கண்ணால் பார்த்துப் பிடிப்பது எப்படி? புளோரிடாவில் தெளிந்த ஆழமில்லாத கடலில் மீனின் நிழலையே பார்த்து எறிகிறார்கள். நம் களப்புத் தண்ணீரில், அதுவும் மாரி மழை இறங்கிய பிறகு, அந்தக் கதை எடுபடாது. ஆனால் இந்த மீனுக்கு ஒரு பழக்கம் உண்டு: மேலே வந்து காற்றைக் குடிக்கும். அதன் காற்றுப்பை நுரையீரல் மாதிரியும் வேலை செய்யும், அதனால்தான் மற்ற மீன் திணறுகிற தேங்கிய தண்ணீரிலும் அது கிடக்கும். விடியக்காலையில் காற்று விழுந்து தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடக்கும்போது கண்டல் ஓரத்தில் தோணியை நிறுத்திப் பாருங்கள். முதலில் வாய், பிறகு வெள்ளி முதுகு, கடைசியில் வால், ஒரு புரளல், அவ்வளவுதான், இரண்டு மூன்று குமிழ் மட்டும் மிஞ்சும். வால் கடைசியாக மறைந்த விதத்தில் மீன் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கமாக ஓரிரு மீட்டர் முன்னால் எறியுங்கள். குமிழ் வந்த இடத்திலேயே எறிகிறவர்கள்தான் அதிகம், அங்கே இப்போது மீன் இல்லை. இன்னொன்று, ஃப்ளையை மீனை நோக்கி இழுக்காதீர்கள், சின்ன மீன் எதுவும் டார்பனைத் துரத்திக்கொண்டு வராது. அது போகிற திசையிலேயே, ஆழமாக இறங்க விடாமல், விட்டு விட்டு இழுங்கள். வாய் மேல்நோக்கி இருப்பதால் தன் மட்டத்திலோ கொஞ்சம் மேலேயோ போகிற இரையைத்தான் சுலபமாக எடுக்கும்.

தோணியில் இருந்தே பிடியுங்கள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கிற வீடியோ ஆசை வேண்டாம். களப்பில் முதலை உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: டார்பனுக்குச் சின்ன ஸ்பின்னிங் தடியால் முயல்கிறேன். அடிக்கிறது, பாய்கிறது, கொழுக்கியைத் துப்பிவிட்டுப் போய்விடுகிறது. ஐந்துக்கு நாலு இப்படித்தான்.
- கல்லாறு வாசகர்

பதில்: ஒன்றாவது கைக்கு வருகிறதே! எனக்கு முதல் மழைக்காலம் முழுக்க ஒன்றுகூட வரவில்லை. இந்த மீனின் வாய் உள்ளே எலும்பு, ஓட்டைத் தட்டுகிற மாதிரி இருக்கும். கூர் மழுங்கிய கொழுக்கி அதில் ஏறாது, நகத்தில் வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும், வழுக்கினால் அரத்தை எடுங்கள். மூன்று முள் கொழுக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். நூல் 8 இறாத்தல் தாங்கினால் போதும், ஆனால் முனையில் ஒரு முழம் தடித்த தங்கூசி (நைலோன் நூல்), 20 இறாத்தல் தாங்கும் அளவில், கட்டாயம். வாய் ஓரம் அரம் மாதிரி, மெல்லிய நூலை அராவி விடும்.

ஃப்ளை போடுகிறவர்களுக்கு அடி விழுந்ததும் தடியை மேலே வெட்டி இழுக்கிற பழக்கம்தான் பெரிய எதிரி. எனக்கும் அதுதான் வினை. தடி வளைந்து சக்தியெல்லாம் அதிலேயே போய்விடும், கொழுக்கிக்கு ஒன்றும் போய்ச் சேராது. தடி மீனை நேரே பார்த்தபடி இருக்க, இடது கையால் நூலை ஒரே இழுப்பாக இழுங்கள். அப்புறம் அது பாயும். பாய்ந்த நொடியே தடியை மீன் பக்கம் தாழ்த்தி நூலைத் தளர விடுங்கள், கும்பிடு போடுகிற மாதிரி. இறுக்கமான நூலில் தலையை உதறினால் கொழுக்கி பறந்து உங்கள் தொப்பிக்கே வரும்.

கேள்வி: என் கணவர் விடியுமுன் எழும்பிப் போகிறார், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறார். விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும்?
- அக்கரைப்பற்று வாசகி

பதில்: நியாயமான கேள்வி தங்கச்சி. புளோரிடாவில் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவே சட்டம் விடாது. இங்கே அப்படி இல்லை, சாப்பிடுகிறவர்களும் உண்டு. ஆனால் சதை மெத்தென்று இருக்கும், முள்ளோ சொல்லி மாளாது. அடுத்த முறை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முள் எடுக்கிற வேலையை அவரிடமே கொடுங்கள்.