வழுக்கும் குழாயும் ஏறாத கொடியும்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் எட்டடிக்கு நாலடி இடம் இருக்கிறது. அவரையும் பாகலும் போட்டிருக்கிறேன். மீந்துபோன பிவிசி குழாய்களைக் கொழுகொம்பாக நட்டேன். அவரை கொஞ்சம் ஏறிவிட்டு வழுக்கி, அடியில் சுருண்டு கிடக்கிறது. பாகல் குழாயைத் தொடவே இல்லை, தரையில் ஓடுகிறது. பந்தல் போட இடமில்லை. செலவில்லாமல் வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. குழாயைப் பிடுங்கிப் போடவும் வேண்டாம். இரண்டும் கொடிதான், ஆனால் ஏறும் விதம் வேறு. அவரைக்குப் பிடித்துக்கொள்ளக் கை கிடையாது, தண்டே கம்பைச் சுற்றிக்கொண்டு மேலே போகும். பாகலின் தண்டு சுற்றாது. கணுவிலிருந்து நூல்போல வரும் பற்றுக்கம்பிதான் அதற்குக் கை.

அந்தக் கம்பியை ஒருநாள் கிட்டப் போய்ப் பாருங்கள். நுனி எதையாவது பிடித்த பிறகு, மீதிப் பகுதி ஸ்பிரிங் போலச் சுருளும். பாதி தூரம் ஒரு பக்கமாகவும், மீதி எதிர்ப்பக்கமாகவும் சுருண்டிருக்கும். காற்றில் கொடி ஆடும்போது அது நீண்டு சுருங்கி இழுப்பைத் தாங்கிக்கொள்ளும், சட்டென்று அறாது. ஆனால் இவ்வளவு மெல்லிய விரலால் தடித்த குழாயை எப்படி வளைத்துப் பிடிக்க முடியும்? அதற்குப் பென்சில் தடிமன் போதும், அதைவிட மெலிதாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆக, அவரைக்குச் சொரசொரப்பு வேண்டும், பாகலுக்கு மெலிவு வேண்டும். குழாய் இரண்டும் இல்லாத பொருள். அதன்மேல் தேங்காய்நார்க் கயிற்றை இரண்டு அங்குல இடைவெளியில் சுற்றி, இரு முனையிலும் இறுக்கிக் கட்டுங்கள். அவரை ஏறிவிடும். முதல் சுற்றை மட்டும் நீங்கள் கையால் சுற்றிவிடலாம், ஆனால் திசை முக்கியம். பீன்ஸ் வகைகளும் பெரும்பாலான சுற்றுக்கொடிகளும் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். மாற்றிச் சுற்றினால் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்துக்கொண்டு வந்துவிடும், பிடிவாதக்காரக் கொடி.

பாகலுக்கு முக்காலிக் கொம்பு கட்டுங்கள். எட்டடி மூங்கில் கழி மூன்று போதும். மூன்றடி அகல வட்டத்தில் ஒன்றரை அடி ஆழம் இறக்கி, உச்சியை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு கழிக்குக் கழி அரையடிக்கு ஒரு சுற்றாகக் கயிற்றை ஓட்டினால் பாகலுக்கு ஏணி தயார். கயிற்றுக்குப் பதிலாக வலை கட்டுவதானால் கண் உங்கள் கை நுழையும் அளவாவது இருக்கட்டும். சின்னக் கண்ணில் காய் மாட்டிக்கொண்டு நசுங்கும், ஓணானும் குருவியும்கூடச் சிக்கும்.

ஒன்றரை அடி ஆழமா என்று நினைப்பீர்கள். வெறுங்கழியாக நிற்கும்போது எல்லாமே உறுதியாகத்தான் தெரியும். இலை மூடியபின் அது காற்றில் பாய்மரம், மழையில் நனைந்தால் கனமும் கூடும். தனிக்கம்பு சாய்ந்துவிடும், முக்காலி நிற்கும். செடி தொட்டியிலோ பையிலோ இருந்தால் அந்த இளகிய மண்ணை நம்பாமல் கழியைச் சுவரோடோ கைப்பிடியோடோ கட்டிவிடுங்கள்.

அப்புறம், தண்டைக் கொம்போடு கட்ட நேர்ந்தால் கிழிந்த பருத்தித் துணி போதும். எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்: ஒரு வளையம் கொம்புக்கு, ஒன்று தண்டுக்கு. நான் ஒருமுறை சோம்பல்பட்டு மெல்லிய கட்டுக்கம்பியால் கட்டிவிட்டேன். தண்டு பருத்ததும் கம்பி உள்ளே இறங்கி, கட்டுக்கு மேலே இருந்த பகுதி முழுக்க வாடிப்போனது.

இந்த முறை செடி வளர்ந்துவிட்டது, அதனால் கழியை வேரிலிருந்து ஓரடியாவது தள்ளி இறக்குங்கள். தரையில் ஓடிய பாகலை ஒரேயடியாகத் தூக்கி நிறுத்த வேண்டாம். நுனிப்பகுதியை மட்டும் கயிற்றில் சாய்த்துவிட்டால் புதிதாக வரும் பற்றுக்கம்பிகள் பார்த்துக்கொள்ளும். அடுத்த முறை கொம்பை நட்டுவிட்டு விதை போடுங்கள்.

நார்க்கயிற்றில் இன்னொரு வசதி. காய்ப்பு முடிந்ததும் அறுத்து, கொடியோடு சேர்த்து உரக்குழியில் போட்டுவிடலாம். நைலான் என்றால் காய்ந்த பற்றுக்கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்க வேண்டும். அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.