மொழி இருக்கட்டும், ஓடப்போவது யார் கணினியில்?

வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். விண்டோஸில் பொழுதுபோக்காக நிரல் எழுத எதைக் கற்பது, எதை நிறுவுவது? நானும் உங்களைப் போலத்தான். பகலெல்லாம் கணக்கு எழுதும் வேலை, ராத்திரி வீடு அடங்கிய பிறகு நிரல். அதனால் கீழே சொல்வதெல்லாம் தனக்கும் தன்னைச் சுற்றியிருக்கும் நாலு பேருக்கும் எழுதுகிறவர்களுக்கு. இதை வைத்து வேலைக்கு நேர்காணல் போனால் நான் பொறுப்பல்ல.

பணி ஓய்வு பெற்றவன். வீட்டுக் கணக்கு, மருந்து நேரம், புத்தகப் பட்டியல் என்று சின்னச் சின்ன மென்பொருள் நானே எழுத ஆசை. மகன் பைத்தான் என்கிறான். அவன் நண்பன் சி ஷார்ப் என்கிறான். சி++ தெரியாதவன் நிரலாளனே இல்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேரும் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்லியிருக்கிறார்கள். எழுதி முடித்ததை யார், எந்தக் கணினியில் ஓட்டப் போகிறார்கள் என்று உங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் பட்டியலைப் பார்த்தால் பட்டன், பெட்டி, அட்டவணை எல்லாம் வைத்த ஜன்னல் வேண்டும், வீட்டில் இன்னொருவரும் அதைத் திறந்து பார்ப்பார். அப்படியென்றால் சி ஷார்ப், அதில் ஜன்னல் அமைக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸ். கருவி, விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி. 2014 முதல் தனிநபர்களுக்கு இலவசம், அதில் எழுதியதை விற்கவும் அனுமதி உண்டு. விஷுவல் ஸ்டுடியோ கோட் என்று பெயரில் ஒட்டிக்கொண்டு இன்னொன்று வரும். அது நிரலைத் தட்டச்சு செய்யும் எடிட்டர், வேறு பிராணி. மாற்றி இறக்கிவிடாதீர்கள்.

நிறுவும்போது நீளமாக ஒரு பட்டியல் காட்டும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் டிஸ்க்கில் பத்து பத்து ஜிபியாகப் போய்விடும். டாட்நெட் டெஸ்க்டாப் என்று இருப்பதற்கு மட்டும் டிக் போடுங்கள், போதும். டாட்நெட் என்பது சி ஷார்ப் நிரல்கள் ஓடுவதற்கான அடித்தளம்.

அப்புறம் புது ப்ராஜெக்ட் திறக்கும் இடத்தில் ஒரு குழி இருக்கிறது. விண்டோஸ் ஃபார்ம்ஸ் ஆப் என்று ஒன்று. அதே பெயருக்குப் பின்னால் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் என்று போட்டு இன்னொன்று. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து நான் விழுந்த கதை இது. என் மைத்துனரிடம் ஏகப்பட்ட புத்தகங்கள். யாருக்கு எதை இரவல் கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. ஒரு மாதம் உட்கார்ந்து இரவல் பதிவு ஒன்றை எழுதி, பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரட்டைக் கிளிக் செய்தார். முதலில் டாட்நெட் ரன்டைமை நிறுவு என்று ஒரு பெட்டி வந்தது. அவர் அதை மூடினார், மேசை டிராயரிலிருந்து நோட்டை எடுத்தார். இன்றுவரை நோட்டில்தான் எழுதுகிறார்.

நடந்தது இவ்வளவுதான். நான் எடுத்தது ஃப்ரேம்வொர்க் என்று போடாததை. ரன்டைம் என்றால் நிரல் ஓடுவதற்குக் கணினியில் முன்பே இருக்க வேண்டிய துணைக் கோப்புகள். டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8 இப்போது புழக்கத்தில் இருக்கும் விண்டோஸ் 10, 11 கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அதில் எழுதிய சின்ன நிரலின் எக்ஸ்இ, அதாவது இரட்டைக் கிளிக் செய்தால் ஓடும் கோப்பு, சில பத்து கேபிதான் வரும். காப்பி எடுத்துக் கொடுத்தால் ஓடும். டாட்நெட் 8, 10 என்று வரும் புதிய வரிசை அப்படியல்ல. ஒன்று, வாங்குபவர் ரன்டைமைத் தனியாக நிறுவ வேண்டும். இல்லையென்றால் ரன்டைமையும் உள்ளே வைத்துக் கட்டி, ஒரு பட்டனும் ஒரு பெட்டியும் உள்ள நிரலை 100 எம்பிக்கு மேல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஃப்ரேம்வொர்க் பழசு, அதற்கு இனிப் புதுசாக எதுவும் வராது என்பார்கள். உண்மைதான். மருந்து நேரம் பார்க்க என்ன புதுசு வேண்டும்? அடுத்தவர் கணினிக்குப் போகிற சின்ன நிரல் என்றால் ஃப்ரேம்வொர்க்கிலேயே எழுதுங்கள். உங்கள் கணினியோடு நிற்கிற நிரல் என்றால் புதியதில் எழுதலாம், ஆனால் 8, 10 மாதிரி இரட்டைப்படை எண்ணாகப் பார்த்து எடுங்கள். அவற்றுக்குத்தான் 3 வருடம் ஆதரவு.

உங்கள் மகனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். பைத்தான் நல்ல மொழி, அதன் இடம் வேறு. அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.

கல்லூரி மாணவன் நான். போட்டோக்களைத் தேதிவாரியாகப் பிரித்து வைக்கும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதி, பைஇன்ஸ்டாலர் வைத்து எக்ஸ்இ ஆக்கி நண்பனுக்கு அனுப்பினேன். அவன் கணினியில் ஆன்டிவைரஸ் அதை அழித்துவிட்டது. நான் வைரஸ் எழுதவில்லை ஐயா!

தெரியும் தம்பி. ஆன்டிவைரஸுக்குத்தான் தெரியாது. எல்லாம் ஒரே கோப்பாக வர வேண்டும் என்று ஒன்ஃபைல் கொடுத்திருப்பாய். அந்த எக்ஸ்இ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன் வயிற்றுக்குள் இருக்கும் பைத்தானையும் நூலகங்களையும் டெம்ப் போல்டரில் கொட்டி, அங்கிருந்துதான் ஓட ஆரம்பிக்கிறது. திறக்கச் சில விநாடி பிடிப்பதும் அதனால்தான். டெம்ப்பில் எதையோ அவிழ்த்துப் போட்டு ஓட்டுவது வைரஸ்காரர்களின் பழக்கமும் கூட. போதாததற்கு அவர்களும் இதே பைஇன்ஸ்டாலரைப் பயன்படுத்துகிறார்கள். சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

ஒன்ஃபைலை விட்டு ஒன்டிர் முறைக்குப் போ. போல்டராக வரும், பார்க்க அழகாக இருக்காது. அதை இன்னோ செட்டப் கொண்டு ஒரு நிறுவியாகக் கட்டிவிடு. 1997 முதல் இருக்கும் கருவி, இன்றைக்கும் என் கணினியில் முதலில் ஏறுகிறவற்றில் ஒன்று. தொந்தரவு பெருமளவு குறையும். முழுக்கப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். டவுன்லோட் செய்து திறந்தால் நீல நிறத்தில் வந்து விண்டோஸ் தடுப்பது தனிக் கதை. விண்டோஸுக்கு அறிமுகம் இல்லாத நிரல், கையெழுத்துச் சான்றிதழும் இல்லை என்பதற்காக வருவது அது. சான்றிதழுக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். நண்பனுக்காக அதையெல்லாம் வாங்காதே. மேலும் விவரம் என்பதை அழுத்தி ஓட்டச் சொல்லு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். போட்டோவின் பெயர்களைத் தமிழில் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதப் பார்த்தால் சார்மேப் கோடெக் என்று தொடங்கும் ஒரு பிழை வந்து நிற்கும். உன் தமிழில் தப்பில்லை. விண்டோஸில் பைத்தான் கோப்பைத் திறக்கும்போது நீயாக எதுவும் சொல்லாவிட்டால் பழைய ஆங்கிலக் குறியீட்டு முறையையே எடுத்துக்கொள்கிறது. ஓப்பன் என்ற இடத்தில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று சேர். அதே கோப்பை எக்செலில் திறக்கப் போகிறாய் என்றால் யுடிஎஃப்-8-சிக் என்று போடு. அந்த மூன்றெழுத்து இல்லாமல் எக்செலில் வரும் எழுத்தைப் பார்த்து நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

விஷுவல் பேசிக் 6-ல் எழுதிய என் நிரல்கள் இன்னமும் ஓடுகின்றன. எல்லோரும் சிரிக்கிறார்கள். மாற வேண்டுமா?

ஓடுகிற வண்டியை ஏன் இறக்க வேண்டும்? 1998-ல் வந்தது விபி6. எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-லேயே நிறுத்திவிட்டது, ஆனால் நிரலை ஓட்டும் ரன்டைம் விண்டோஸ் 11-லும் கூடவே வருகிறது. சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சிக்கல் வருவது அந்த ஓசிஎக்ஸ் கோப்புகளால்தான். லிஸ்ட்வியூ, ட்ரீவியூ என்று ஃபார்மில் பட்டியல் காட்டும் உறுப்புகளை அழகுக்காகச் சேர்த்திருப்பீர்கள், அவை இருப்பது இந்தக் கோப்புகளில்தான். அவை விண்டோஸோடு வருவதில்லை. புதுக் கணினியில் ஏற்றும்போது பதிவாகவில்லை என்று அடம்பிடிக்கும். அவற்றை இப்போதே ஒரு போல்டரில் எடுத்து வையுங்கள், மூல நிரலோடு.

புதிதாக ஒன்று தொடங்குவதாக இருந்தால் லாசரஸைப் பாருங்கள். பாஸ்கல் மொழி, இலவசம். ஃபார்மில் பட்டனை இழுத்துப் போட்டு இரட்டைக் கிளிக் செய்து எழுதும் அந்தச் சுகம் அப்படியே இருக்கிறது. ரன்டைம் எதுவும் தேவையில்லாத ஒரே எக்ஸ்இ வரும். முதல் முறை வெற்று ஃபார்மைக் கம்பைல் செய்து, அதாவது எக்ஸ்இ ஆக்கிவிட்டு, அதன் அளவைப் பார்த்தேன், 20 எம்பியைத் தாண்டியிருந்தது. சீ என்று அன்றே அழித்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அதில் பெரும்பகுதி பிழை தேடுவதற்கான தகவலாம். ப்ராஜெக்ட் ஆப்ஷன்ஸில் ரிலீஸ் என்று மாற்றினால் இரண்டு மூன்று எம்பிக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு வருஷம் வீண்.

பாஸ்கலா, சி ஷார்ப்பா என்று தயங்கினால் ஒரு சுவாரசியம். டர்போ பாஸ்கல், டெல்ஃபி, சி ஷார்ப் மூன்றுக்கும் பின்னால் இருப்பவர் ஒரே ஆள், ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பர்க். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் வேற்றூருக்குப் போன மாதிரி இருக்காது.

ரஸ்ட் மொழி கற்றுக்கொள்ளலாமா?

உங்களுக்கு வேண்டியது நிரலா, ரஸ்ட்டா? ரஸ்ட் என்றால் தாராளமாக.

என்னுடையது பழைய மடிக்கணினி, 4 ஜிபி ராம். விஷுவல் ஸ்டுடியோ திறந்தால் மின்விசிறி அலறுகிறது. நான் நிரல் எழுதவே முடியாதா?

முடியும் அம்மா. உங்களிடம் கம்பைலர் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விண்டோஸ் போல்டருக்குள் மைக்ரோசாஃப்ட் டாட் நெட் என்று ஒரு போல்டர், அதற்குள் ஃப்ரேம்வொர்க்64, அதற்குள் 4.0.30319 என்று முடியும் ஒன்று. அங்கே சிஎஸ்சி என்ற எக்ஸ்இ இருக்கும். அதுதான் சி ஷார்ப் கம்பைலர். நோட்பேடில் நிரலை எழுதி, கமாண்ட் ப்ராம்ப்டில் அந்த சிஎஸ்சிக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பக்கத்திலேயே எக்ஸ்இ பிறந்துவிடும். எதையும் நிறுவ வேண்டாம், இணையமும் வேண்டாம். பெட்டியும் பட்டனும் உள்ள ஜன்னல் நிரலையும் இப்படியே எழுதலாம், இழுத்துப் போடும் வசதி மட்டும் கிடையாது. பட்டன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று எண் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அது சி ஷார்ப் 5 வரைதான் புரிந்துகொள்ளும். புதிய பாடங்களில் மேற்கோள் குறிக்கு முன்னால் டாலர் குறி போட்டு எழுதியிருப்பார்கள். அது ஆறாம் பதிப்பில் வந்த வசதி. அப்படியே பார்த்து அடித்தால் எதிர்பாராத எழுத்து என்று திட்டும். கூட்டல் குறி போட்டுப் பழைய முறையில் ஒட்டி எழுதுங்கள், ஓடும்.

உங்கள் தேவை விசைப்பலகைக் குறுக்குவழிகளும், திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளும்தான் என்றால் இதுகூட வேண்டாம், ஆட்டோஹாட்கீ போதும். இரண்டாம் பதிப்பை எடுங்கள். முதல் பதிப்புக்கு எழுதிய பழைய உதாரணங்கள் இதில் அப்படியே ஓடாது.

டபிள்யூபிஎஃப், யுடபிள்யூபி, வின்யுஐ, மாவி... ஜன்னல் வரைய இத்தனை எதற்கு? எதில் போவது?

எதற்கு என்று மைக்ரோசாஃப்டைத்தான் கேட்க வேண்டும். 2002-ல் விண்டோஸ் ஃபார்ம்ஸ் வந்தது. 2006-ல் டபிள்யூபிஎஃப். 2007-ல் சில்வர்லைட் வந்து 2021-ல் மூடப்பட்டது. 2015-ல் விண்டோஸ் 10 உடன் யுடபிள்யூபி, இப்போது அதில் புதிய வசதிகள் பெரிதாகச் சேர்வதில்லை. 2021-ல் வின்யுஐ 3. ஒவ்வொன்று வந்தபோதும் இனி இதுதான் என்றார்கள். நானும் சில்வர்லைட்டுக்கு ஒரு கோடை முழுவதையும் கொடுத்தேன்.

முதலில் வந்த கிழமான விண்டோஸ் ஃபார்ம்ஸ் இன்னும் நடமாடுகிறது. அதிலேயே இருங்கள். அடர்த்தி அதிகமான புதுத் திரைகளில் எழுத்து மங்கலாகத் தெரிவது அதன் குறை, திரை அடர்த்திக்கான டிபிஐ அமைப்பை ப்ராஜெக்டில் சரிசெய்துகொள்ள வேண்டும். அசைவு, வண்ண மாற்றம் என்று கண்ணுக்கு அழகு வேண்டுமென்றால் டபிள்யூபிஎஃப். வின்யுஐ 3-ல் பட்டனை இழுத்துப் போட டிசைனரே கிடையாது, பொழுதுபோக்குக்கு எழுதுகிறவருக்கு எதற்கு அந்தத் தண்டனை?

சின்ன நிரல்தானே, பட்டன்1, பட்டன்2 என்று விஷுவல் ஸ்டுடியோ வைக்கும் பெயரையே விட்டுவிடலாமா? ஒவ்வொன்றுக்கும் பெயர் யோசிப்பது சலிப்பாக இருக்கிறது.

பட்டன் போட்ட கையோடு, இரட்டைக் கிளிக் செய்வதற்கு முன்பே பெயர் வைத்துவிடுங்கள். கிளிக் செய்துவிட்டால் உள்ளே பட்டன்1 கிளிக் என்று ஒரு செயற்கூறு பிறந்துவிடும். பிறகு பட்டனின் பெயரை மாற்றினாலும் அது பழைய பெயரிலேயே கிடக்கும்.

என் வீட்டுக் கணக்கு நிரலில் பட்டன்17 என்று ஒன்று இருக்கிறது. ஃபார்மில் எங்கே என்று தெரியவில்லை, ஏதோ ஒரு பேனலுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். போன மாதம் அதை அழித்துப் பார்த்தேன், நிரல் திறக்கவே மறுத்தது. திரும்பப் போட்டுவிட்டேன்.