கறுப்புத் தாள் ஆல்பத்தைப் பிரிக்கலாமா?

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் தாத்தா ராணுவத்தில் இருந்தபோது சேர்த்த படங்கள் கறுப்புத் தாள் ஆல்பம் ஒன்றில் இருக்கின்றன. பாதி பசை போட்டு ஒட்டியவை. ஒரு உறை நிறைய நெகட்டிவும் உண்டு. படங்களைப் பெயர்த்தெடுத்து ஸ்கேன் செய்து உறவினர்களுக்கு அனுப்ப ஆசை. எந்தப் பசை நீக்கி நல்லது?
— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பசை நீக்கி எதுவும் வேண்டாம். ஆல்பத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஒரு படத்தில் உள்ள முகாம் எது என்று தெரியாதபோது, பக்கத்தில் ஒட்டியிருக்கும் படமும் ஓரத்தில் வெள்ளை மையில் எழுதிய குறிப்பும்தான் துப்புக் கொடுக்கும். அதனால் முதலில் அட்டையிலிருந்து அட்டை வரை, காலிப் பக்கங்கள் உட்பட, முழுப் பக்கமாகப் படமெடுங்கள். தனிப் படங்கள் பிறகு.

காகித மூலைகளில் செருகியவற்றை மட்டும் மெல்ல உருவிப் பின்பக்கம் பாருங்கள். தணிக்கை முத்திரையோ பென்சில் எழுத்தோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டிய படத்தில் தண்ணீர், நீராவி எதையும் காட்டாதீர்கள். பிம்பம் இருப்பது ஜெலட்டின் பூச்சில். ஈரம் பட்டால் அது ஊறி, தொட்ட இடத்தில் வழன்றுவிடும். கருமையான பகுதிகளில் தெரியும் நீலம் கலந்த பளபளப்பு, படத்திலுள்ள வெள்ளி மேலே வந்து படிந்தது. அழுக்கென்று துடைத்தால் படமும் சேர்ந்து போகும்.

தபால் அட்டை அளவுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். 6×9 செ.மீ. போன்ற சிறு படங்களுக்கு 1200 வையுங்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் கலரில் ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். மங்கிய மையும் பழுப்பும் அப்போதுதான் பிரிந்து தெரியும். தானாகத் திருத்தும் வசதிகளை அணைத்துவிடுங்கள். முக்கியமாக, நெகட்டிவுக்கு அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதி கூடவே கூடாது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உள்ள வெள்ளியையே அது தூசியென்று எடுத்துக்கொண்டு முகங்களைச் சிதைத்துவிடும்.

நெகட்டிவ் உறையை ஜன்னலோரம் வைத்துத் திறவுங்கள். வினிகர் வாடை வந்தால் அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சளித்து, பிசுபிசுத்து, மூக்கைத் துளைக்கும் அமில நெடி அடித்தால் எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். கோடாக் நிறுவனம் 1951 வாக்கில்தான் அதைக் கைவிட்டது. தீப்பிடித்தால் தண்ணீருக்குக்கூட அணையாது. காகித உறையில், குளிர்ச்சியான இடத்தில், மற்ற படங்களிலிருந்து தள்ளி வையுங்கள். காற்றுப் புகாத டப்பா ஆபத்து. ஸ்கேனரில் வைக்குமுன் ஆவணக் காப்பகத்தில் காட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். வண்ணம் ஏற்றிய நகல் என்றால் அதன் மேலேயே அப்படி எழுதிவிடுங்கள். ‘தாத்தா எடுத்தது’ என்று போடுமுன் அதன் நெகட்டிவ் இருக்கிறதா என்று பாருங்கள். அந்நாளில் படைவீரர்கள் விலைக்கு வாங்கியும் நண்பர்களிடம் கேட்டும் படம் சேர்த்தார்கள். ஒரே படம் பல வீட்டு ஆல்பங்களில் இருக்கும். பதிப்புரிமையும் பொதுவாகப் படம் எடுத்தவருடையது. சடலங்களோ போர்க்கைதிகளோ உள்ள படங்களையும் விடாமல் ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் குடும்பக் குழுவில் போட வேண்டாம். கேட்பவர்களுக்கு மட்டும், என்ன படம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அனுப்புங்கள்.