கெஷ் ஜிக்கும் கின்கோரா ஜிக்கும் ஒன்றா?

கேள்வி: ஃபிடிலில் ஐரிஷ் மரபிசை கற்கிறேன். 'சாலி கார்டன்ஸ்' பாட்டைப் பழகிக்கொண்டு, கலைஞர்கள் கூடி வாசிக்கும் செஷனுக்குப் போய் அந்தப் பெயரைச் சொன்னால், எல்லோரும் வேகமாக வேறொன்றை வாசித்தார்கள். 'கெஷ் ஜிக்' என்ற நடன மெட்டைப் பழைய தொகுப்பில் தேடினேன், அந்தப் பெயரே இல்லை. ஒரு மெட்டை எப்படித்தான் அடையாளம் காண்பது?

பதில்: நீங்கள் பழகியது மெதுவான பாட்டு, அவர்கள் வாசித்தது அதே பெயரில் உள்ள ரீல் என்ற வேகமான நடன மெட்டு. இரண்டுக்கும் உறவில்லை. கெஷ் விஷயம் இதற்கு நேர்மாறு. சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீலின் தொகுப்பில் அதே மெட்டு 'கின்கோரா ஜிக்' என்ற பெயரில் இருக்கிறது.

இந்த மெட்டுகள் காதுவழியே பரவியவை. பெயர் மறந்தால், யாரிடம் கேட்டார்களோ அவர் பெயரையே வைத்துவிடுவார்கள். 'மாரிசன்ஸ் ஜிக்' அப்படி வந்ததுதான். ஃபிடில் கலைஞர் ஜேம்ஸ் மாரிசன் அதை இயற்றவில்லை. அயர்லாந்தின் கிழக்கு கால்வேயைச் சேர்ந்த ஃபிடில் கலைஞர் பாடி ஃபாஹியோ, தானே இயற்றியும் பெயர் வைக்கவில்லை. அதனால் 'பாடி ஃபாஹியின் ஜிக்' என்று கேட்டால் எந்த ஜிக் என்ற கேள்விதான் திரும்பி வரும். இசைத்தட்டு உறையில் 'கான் அனிம்' என்று பார்த்தால் அதையும் தலைப்பாக எண்ண வேண்டாம். ஐரிஷ் மொழியில் 'பெயரில்லை' என்று பொருள்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு முதலில் வகையைப் பாருங்கள். ஜிக் என்றால் மும்மூன்றாக, ஒரு அளவில் (bar) இரண்டு அழுத்தம். ரீல் என்றால் நான்கு நான்காக ஓடும். ஹார்ன்பைப்பும் நான்கின் கணக்கே, ஆனால் துள்ளி நடக்கும். வேகம் குறைத்து வாசித்த ரீலை ஹார்ன்பைப் என்று நினைப்பது சகஜம். 'ஸ்வாலோடெயில்' ஜிக்காகவும் உண்டு, ரீலாகவும் உண்டு, வெவ்வேறு மெட்டுகள்; வகை தெரிந்தாலே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். பிறகு மெட்டு எந்தச் சுரத்தில் வந்து அமர்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதை 1 என்று வைத்து, முதல் நான்கு அளவுகளில் அழுத்தம் விழும் சுரங்களை எண்ணாக எழுதுங்கள். கெஷ் ஜிக்குக்கு 11, 22, 61, 65 என்று வரும் (மூன்றாம் ஜோடியின் 1 மேல்ஸ்தாயி). நம் கணக்கில் ஸஸ, ரிரி, தஸ, தப. இடையிலுள்ள சிறு அலங்காரங்கள் ஆளுக்கு ஆள் மாறும், இந்த எலும்புக்கூடு பெரும்பாலும் மாறாது. ஐரிஷ் மெட்டுகளைத் தொகுத்த பிரெண்டன் பிரெனக் தன் மெட்டு அட்டவணையை இப்படியொரு எண்முறையில்தான் அடுக்கினார். எங்களுக்குத் தெரிந்தவரை இதைவிட நம்பகமான வழியில்லை.

முதல் பகுதியோடு நிறுத்திவிடாதீர்கள். தொடக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்து இரண்டாம் பகுதியில் பிரிந்துபோகும் மெட்டுகள் நிறைய. இரண்டாம் பகுதியின் முதல் இரண்டு அளவுகளையும் எழுதி ஒப்பிடுங்கள்.

வாசிப்பதைக் கேட்டு மெட்டின் பெயரைத் தேடித்தரும் டியூன்பால் செயலியில் தேடுவதானால் ஒற்றை ஃபிடிலோ டின் விசில் குழலோ மட்டும் ஒலிக்கப் பதிவுசெய்யுங்கள். கிட்டார் சேர்ந்தால் அதன் சுரங்களையும் மெட்டாக எண்ணித் தவறான பெயரைக் காட்டக்கூடும். வந்த முதல் விடையை அப்படியே ஏற்காமல், அதன் சுரக்குறிப்பை உங்கள் எண்களோடு பொருத்திப் பாருங்கள்.

குறிப்பேட்டில் கேள்விப்பட்ட எல்லாப் பெயர்களையும், வகை, சுருதி, எண்கள், யார் வாசித்துக் கேட்டது என்பதையும் எழுதுங்கள். அடுத்த செஷனில் பெயரைச் சொல்வதைவிட முதல் இரண்டு அளவுகளை மெல்ல வாசித்துக் காட்டுங்கள். எதைக் கேட்கிறீர்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்கு உடனே புரிந்துவிடும்.