கேள்வி-பதில்: கொரிய வேர் கட்டியைப் பட்டினி போடுமா?

கேள்வி: தென்கொரியாவில் சுவோனில் வேலை பார்க்கிறேன். ஊரில் அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், அடுத்த மாதம் ஆபரேஷன். சியோலின் கியோங்டோங் மூலிகைச் சந்தையில் ஒரு கடைக்காரர் தாங்குவி வேரையும் சிவப்பு ஜின்செங் சாற்றையும் காட்டி, "கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய் வளராமல் தடுக்கும், ஆராய்ச்சியே இருக்கிறது" என்கிறார். அம்மாவுக்கு வாங்கிப் போகலாமா?

பதில்: வேண்டாம். அதுவும் ஆபரேஷனுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம்.

ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். புது ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளாமல் கட்டி பெரிதாக முடியாது, அதைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். அந்த வழியில் வந்த பெவாசிசுமாப் ஊசிக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோய்க்குத்தான். கொரியாவில் இதே வேலையைச் செய்யும் பொருளை மூலிகைகளில் தேடியவர்களுக்குத் தாங்குவி வேரில் டெகர்சின் என்ற பொருள் கண்ணில் பட்டது. ஆனால் அது குழாய் வளர்ச்சியைத் தடுத்துக் காட்டியது ஆய்வகத்து செல்களிலும் எலிகளிலும். மனிதர் விழுங்கினால் டெகர்சின் சீக்கிரமே டெகர்சினால் என்ற வேறு பொருளாக மாறிவிடுகிறது, அதனால் ஆய்வகத் தட்டில் சோதித்ததும் அம்மாவின் ரத்தத்தில் ஓடப்போவதும் ஒன்றல்ல.

சரி, கடைக்காரர் சொல்வது மெய்யாகவே இருந்தால்? அப்போதுதான் எனக்கு இன்னும் பயம். வெட்டிய குடல் ஒட்டவும் தையல் ஆறவும் புது ரத்தக் குழாய்கள் முளைத்தாக வேண்டும். பெவாசிசுமாப் போடுகிறவர்களுக்கே ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் அந்த மருந்தை நிறுத்தி வைக்கிறார்கள். அவர் சொல்வது பொய்யென்றால் உங்கள் காசு போகும், மெய்யென்றால் அம்மாவின் காயம் ஆறாது.

அப்புறம், எதை வாங்குகிறீர்கள் என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. தாங்குவி என்ற ஒரே பெயரில் கொரியா, சீனா, ஜப்பான் மூன்றிலும் மூன்று வேறு செடிகள் விற்கின்றன. டெகர்சின் நிறைய இருப்பது சாம்தாங்குவி எனப்படும் கொரியச் செடியில்தான், காய்ந்து நறுக்கிய வேரைப் பார்த்து நம்மால் அடையாளம் சொல்ல முடியாது. ஜின்செங் கதை இன்னும் சிக்கல்: அதிலுள்ள ஆர்ஜி3 என்ற பொருள் ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது, ஆர்ஜி1 என்ற பொருள் அதைத் தூண்டுகிறது, இரண்டும் ஒரே வேருக்குள் இருக்கின்றன! சிவப்பு ஜின்செங் டப்பாவில் இந்த இரண்டோடு ஆர்பி1 என்ற இன்னொரு பொருளையும் கூட்டி ஒரே எண்ணாகத்தான் போடுகிறார்கள், எது எவ்வளவு என்று அந்த எண்ணிலிருந்து தெரியாது.

கொரிய அரசு சிவப்பு ஜின்செங்குக்கு அனுமதித்திருப்பது நோய் எதிர்ப்புச் சக்தி, களைப்பு, ரத்த ஓட்டம், ஞாபகசக்தி மாதிரியான விஷயங்களுக்குத்தான். புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை, நோயைக் குணமாக்கும் என்று சொல்லி உணவுப் பொருளை விற்பது அங்கேயும் சட்டப்படி தவறு. உடம்பு நன்றாக இருக்கும் அண்ணனுக்கோ நண்பருக்கோ பரிசாக வாங்க ஆசையென்றால் "கொன்காங் கினூங் சிக்பும்" (உடல்நலச் செயல்பாட்டு உணவு) என்ற அரசு முத்திரை டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கொடுக்காதீர்கள், ஜின்செங் அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடலாம்.

ஏற்கெனவே ஏதாவது வாங்கி அனுப்பி அம்மா குடிக்கத் தொடங்கியிருந்தால் இன்றைக்கே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து, எத்தனை நாள், எவ்வளவு குடித்தார் என்பதோடு சேர்த்து அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் காட்டச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று அம்மா மறைக்கப் பார்ப்பார், அதனால் கூடப் போகிறவரிடமும் சொல்லி வையுங்கள்.